'கேம்பல்': துள்ளி ஓடுவதற்கான ஆங்கிலச் சொல், அதன் பொருளும் பிறப்பும்

கூழாங்கல் எழுதியது:

ஆங்கிலச் சிறுவர் கதைகளில் ஆட்டுக்குட்டி வரும் பக்கமெல்லாம் 'கேம்பல்' என்ற வினைச்சொல்லும் கூடவே வருகிறது. எழுத்துக்கூட்டினால் ஜி, ஏ, எம், பி, ஓ, எல். கையடக்க அகராதிகள் இதற்கு 'விளையாட்டாக ஓடு', 'துள்ளிக் குதி', 'கூத்தாடு' என்று தனித்தனியாகப் பொருள் தருகின்றன. மூன்றும் ஒன்றல்லவே. இதில் ஓட்டம் முக்கியமா, குதிப்பு முக்கியமா? சூதாட்டத்துக்கான 'கேம்பிள்' காதுக்கு இதே போலத்தான் கேட்கிறது. இரண்டும் ஒரே வேரா? மொழிபெயர்ப்பில் எந்தத் தமிழ்ச் சொல்லைப் போடுவது என்று முடிவுசெய்ய வேண்டும். சொற்பிறப்பு அறிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே சொல்லுங்கள்.

வேர்ச்சொல் எழுதியது:

குதிப்புதான் முக்கியம், கூழாங்கல். ஓட்டம் அதோடு சேர்ந்து வருவது. ஏன் என்பது சொல்லின் பிறப்பைப் பார்த்தாலே புரிந்துவிடும்.

கிரேக்கத்தில் 'காம்பே' என்றால் வளைவு, மூட்டு. பிற்கால லத்தீனில் இது 'காம்பா' என்றாகி, குதிரை வைத்தியம் பற்றிய எழுத்துகளில் குதிரையின் காலைக் குறிக்க வருகிறது. குறிப்பாகப் பின்னங்காலில் பின்பக்கமாக மடிந்து நிற்கும் மூட்டு. பார்த்தால் முழங்கால் தலைகீழாக மடங்கியதுபோல இருக்கும்; உண்மையில் அது நம் கணுக்காலுக்கு நிகரான மூட்டு. குதிரை எம்பும்போது உந்துவிசை அங்கேயிருந்துதான் புறப்படுகிறது.

இந்தக் குதிரைக்காலே இத்தாலியத்தில் மனிதக் காலுக்கும் பொதுப்பெயர் ஆனது. இன்றும் இத்தாலியத்தில் கால் 'காம்பா'தான். அதிலிருந்து 'காம்பாத்தா', அதாவது காலை வீசி எம்புதல். அதைப் பிரெஞ்சுக்காரர்கள் 'கம்பாத்' என்று எடுத்துக்கொண்டார்கள்; பொருள் குதிரையின் துள்ளல். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி அது ஆங்கிலத்துக்குள் வந்தது. முதலில் பெயர்ச்சொல்லாக வந்தது. வினையாக ஆனதும், ஆட்டுக்குட்டிக்கும் குழந்தைக்கும் பொருந்தியதும் அதற்குப் பிறகுதான்.

ஆகவே சொல்லுக்குள் இருப்பது கால், மடக்கு, எம்பு. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போவது அதற்குள் இல்லை. 'விளையாட்டாக ஓடு' என்று மட்டும் போடும் அகராதி பாதியைத்தான் சொல்கிறது.

மணிமிடை எழுதியது:

பிரெஞ்சில் கால் என்பதற்கு 'ழாம்ப்' என்றுதானே சொல்கிறார்கள்? எழுத்தில் ஜே. துள்ளலுக்கு மட்டும் ஏன் ஜி?

வேர்ச்சொல் எழுதியது:

நல்ல இடத்தில் கைவைத்தீர்கள். இந்தச் சொல் வந்த வழியைக் காட்டிக்கொடுப்பதே அந்த ஜி எழுத்துதான்.

லத்தீனில் சொல்லின் முதலில் 'க' ஒலியோ, குரல்நாண் அதிர ஒலிக்கும் அதன் இணையோ வந்து, அடுத்து 'அ' வந்தால், பாரிஸைச் சுற்றிய பிரெஞ்சில் அந்த ஒலி அண்ணத்தை நோக்கி நகர்ந்து மாறிவிடும். 'காம்பா' அப்படித்தான் 'ழாம்ப்' ஆனது. பிரெஞ்சு மொழியின் சொந்தப் பிள்ளை என்றால் துள்ளலுக்கான சொல்லும் ஜே எழுத்தில்தான் தொடங்கியிருக்க வேண்டும். ஜி அப்படியே கெட்டியாக நிற்கிறது என்றால், அந்த ஒலிமாற்றம் நடந்து முடிந்த பிறகு வெளியிலிருந்து கடனாக வந்த சொல் என்று பொருள். அதனால்தான் இத்தாலியத்தை மூலமாகச் சொல்கிறோம்.

பிரான்சின் வடக்கே, நார்மண்டியிலும் பிக்கார்டியிலும், இந்த ஒலிமாற்றம் நடக்கவில்லை. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்ததால் ஆங்கிலத்தில் வடக்குப் பிரெஞ்சு வடிவங்கள் நிறையத் தங்கிவிட்டன. தோட்டத்துக்கான 'கார்டன்' வடக்கு வடிவம். பாரிஸ் பிரெஞ்சில் அது 'ழார்தேன்'. அதே கணக்கில், பன்றித் தொடை இறைச்சியான 'கேமன்' வடக்கிலிருந்து வந்தது. பாரிஸில் அது 'ழாம்போன்'. இரண்டும் 'காம்பா'வின் பிள்ளைகள்தான். பாரிஸ் வடிவமும் ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது: கதவுச் சட்டத்தின் பக்கக் கட்டையை ஆங்கிலத் தச்சர்கள் 'ஜாம்' என்பார்கள், எழுத்தில் கடைசியாக பி உண்டு, வாயில் வராது. அது பிரெஞ்சுக் 'கால்'தான். நம் தச்சர்களும் அதை நிலைக்கால் என்றே சொல்கிறார்கள். இரண்டு மொழியும் தனித்தனியாக ஒரே உறுப்பைத் தேர்ந்திருக்கின்றன.

பிழைதிருத்தி எழுதியது:

கடைசி 'எல்' எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பிரெஞ்சு வடிவத்தில் எல் கிடையாது.

பிரெஞ்சின் 'ஆத்' ஈறு ஆங்கில வாயில் நிலைக்கவில்லை. அந்தக் காலத்தில் ஆங்கிலத்தில் 'ஆட்' என்றும் 'ஆல்ட்' என்றும் இரட்டை ஈறு கொண்ட சொற்கள் இருந்தன. ஒரே சொல்லை இரண்டு விதமாகவும் எழுதினார்கள். அந்தக் கூட்டத்தோடு இதுவும் சேர்ந்துகொண்டு 'கேம்பாட்', 'கேம்பால்ட்', 'கேம்பல்ட்' என்று உருமாறியது. எல் உள்ளே நுழைந்தது இப்படித்தான். பிறகு கடைசி டி உதிர்ந்து 'கேம்பல்' மிஞ்சியது. எந்த எழுத்து சொல்லின் சொத்து, எது இடையில் ஒட்டியது என்று பிரித்துப் பார்த்தால், டி மூலத்திலிருந்து வந்தது, எல் பிறகு ஒட்டியது. ஒட்டியது தங்கிவிட்டது, மூலத்தினுடையது போய்விட்டது.

டி உள்ள வடிவம் 1623இல் அச்சான ஷேக்ஸ்பியர் நாடகத் தொகுப்பிலேயே இருக்கிறது. அடங்காப்பிடாரியை அடக்கும் நாடகத்தின் முன்காட்சியில், குடிகாரப் பாத்திரம் ஒன்று நாடகம் என்பது கிறிஸ்துமஸ் 'கேம்பல்ட்' போன்றதா, கரணம் போடும் வித்தையா என்று கேட்கும். அந்த நாளில் இது பண்டிகைக் கால ஆட்டபாட்டத்துக்கும் பெயராக இருந்தது என்பதற்கு அதுவே சான்று. ஹேம்லட்டில் கல்லறைத் தோட்டக் காட்சியில், இறந்துபோன அரசவை விதூஷகனின் மண்டையோட்டைப் பார்த்து உன் 'கேம்பல்கள்' எல்லாம் எங்கே என்று கேட்பதும் இந்தப் பொருளில்தான்: சேட்டைகள், கோமாளித் துள்ளல்கள். மில்டன் 1667இல் வினையாகவே எழுதுகிறார். ஏதேன் தோட்டத்தில் கரடியும் புலியும் சிறுத்தையும் ஆதாம் ஏவாள் முன்னால் 'கேம்பல்' செய்கின்றன. அங்கே யாரும் எங்கும் ஓடவில்லை. இருந்த இடத்தில் விளையாட்டுக் காட்டுகின்றன. வேர்ச்சொல் சொன்னதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

கூழாங்கல் எழுதியது:

மிக்க நன்றி. சூதாட்டச் சொல்லைப் பற்றி?

பிழைதிருத்தி எழுதியது:

உறவு இல்லை. உச்சரிப்பு மட்டும் ஒன்று. இரண்டிலும் அழுத்தம் முதல் அசையில் விழும். இரண்டாவது அசை தேய்ந்து போகும். ஓ எழுத்து இருக்கிறதே என்று 'கேம்போல்' என்று படிப்பது தவறு.

சூதாட்டத்தின் 'கேம்பிள்' 18ஆம் நூற்றாண்டில்தான் எழுத்தில் தலைகாட்டுகிறது, அதுவும் கொச்சைச் சொல்லாக. அதன் வேர் விளையாட்டு என்ற பொருளுள்ள 'கேம்'. பழைய ஆங்கிலத்தில் 'கமேனியன்' என்றால் விளையாடுதல். இது ஜெர்மானியக் குடும்பம்; முன்னது கிரேக்கம், லத்தீன் வழி வந்தது.

அப்படியானால் 'கேம்' என்பதில் இல்லாத பி எப்படி வந்தது என்று கேட்பீர்கள். எம் ஒலியிலிருந்து நேராக எல் ஒலிக்குப் போகும்போது உதடு திறப்பதற்குள் மூக்குவழி அடைபட்டால் இடையில் ஒரு பி தானாக விழும். ஆங்கிலத்தில் இது பல சொற்களில் நடந்திருக்கிறது. தையல்காரர் விரலுறையான 'திம்பிள்', முள்புதரான 'பிராம்பிள்', சுறுசுறுப்பான 'நிம்பிள்' எல்லாம் பழைய வடிவத்தில் பி இல்லாமல் இருந்தவைதான். ஏற்கெனவே புழங்கிய 'கேம்பல்' என்ற சொல்லின் ஒலியும் அந்த பி-க்குத் துணைபோயிருக்கலாம் என்று சில அகராதிகள் சேர்த்துச் சொல்கின்றன. அந்த அளவுக்குத்தான் தொடர்பு.

நடைமுறையில் தவறு நேரும் இடம் இதுதான். கணினியின் எழுத்துப்பிழைச் சோதனை இரண்டையும் சரியான சொல்லாகவே ஏற்கும். 'ஓ, எல்' என்று முடிய வேண்டிய இடத்தில் 'எல், ஈ' என்று விழுந்தால் ஆட்டுக்குட்டிகள் புல்வெளியில் சூதாடத் தொடங்கிவிடும்; சிவப்புக் கோடு வராது. கண்ணால்தான் பிடிக்க வேண்டும்.

இறந்தகாலமும் 'இங்' வடிவமும் கவனிக்க வேண்டியவை. பிரிட்டிஷ் முறையில் எல் இரட்டிக்கும், அமெரிக்க முறையில் ஒற்றையாக நிற்கும். 'டிராவல்', 'கேன்சல்' சொற்களுக்கு உங்கள் பதிப்பகம் எந்த முறையைப் பின்பற்றுகிறதோ அதையே இதற்கும் வையுங்கள். ஒரே நூலில் இரண்டும் கலந்தால் அசிங்கமாக இருக்கும்.

நெய்தல் எழுதியது:

ஸ்பானிய உணவகப் பட்டியல்களில் 'காம்பாஸ்' என்று இறால் வரும். கால்கள் அதிகம் என்பதால் இறாலுக்கு அந்தப் பெயர் என்று பலர் எழுதுகிறார்கள். அதுவும் இந்த வேர்தானா?

வேர்ச்சொல் எழுதியது:

இல்லை. இறாலின் பெயர் லத்தீன் 'கம்மாருஸ்', அதற்கு முன் கிரேக்க 'கம்மரோஸ்'. நண்டு, இறால் வகைக்கான பழம்பெயர். இத்தாலியத்தில் 'காம்பெரோ' என்கிறார்கள். அதில் மூலத்தின் 'ரு' இன்னும் 'ரோ'வாக நிற்பதைப் பாருங்கள். கால் என்ற சொல்லில் எந்தக் காலத்திலும் ர ஒலி கிடையாது. கால்கள் அதிகம் என்பது பின்னால் கட்டிய விளக்கம்.

உண்மையான உறவுக்காரர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். சதுரங்கத்தின் 'கேம்பிட்' இந்தக் குடும்பம். இத்தாலிய மல்யுத்தத்தில் காலை இடறி வீழ்த்தும் பிடிக்கு 'காம்பெத்தோ' என்று பெயர். ஸ்பெயின் நாட்டுப் பாதிரியார் ரூய் லோபஸ் 1561இல் எழுதிய சதுரங்க நூலில் அதைக் காய் பலி கொடுத்து எதிரியை இடறவைக்கும் தொடக்க ஆட்டத்துக்குச் சூட்டினார். 1656இல் அது ஆங்கிலத்துக்கு வந்தது. 'வியோலா ட காம்பா' என்ற இசைக்கருவி, கால்களுக்கிடையே நிறுத்தி வாசிப்பதால் கால் வியோலா. தோளில் வைப்பதற்குக் கை வியோலா என்று பெயர். அந்தக் கைக்கான 'பிராச்சோ'தான் ஜெர்மனில் 'பிராட்ஷே' ஆனது. நடுவில் மடிந்து இரண்டு சரிவாக இறங்கும் 'கேம்பிரல்' கூரை குதிரைப் பின்னங்காலின் மடிப்பைப் பார்த்து வைத்த பெயர். இறைச்சிக் கடையில் ஆட்டின் பின்னங்கால்களை விரித்துத் தொங்கவிடும் குறுக்குக் கட்டைக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான்.

செந்தமிழ்வேங்கை எழுதியது:

எல்லாரும் கிரேக்கம், லத்தீன் என்றே போகிறீர்கள். 'கும்மாளம்' என்ற நம் சொல்லையும் 'கேம்பல்' என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். க, ம, ள மூன்று மெய்யும் ஒன்று. பொருளும் ஒன்று. தமிழிலிருந்து போயிருக்க வாய்ப்பில்லையா?

வேர்ச்சொல் எழுதியது:

வேங்கை அவர்களே, இன்றைய வடிவங்களை வைத்துப் பார்த்தால் அப்படித் தோன்றும். ஆனால் சொல்லின் மூத்த வடிவத்தை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். பிழைதிருத்தி மேலே காட்டியபடி அந்த எல் ஆங்கிலத்தில் வந்து சேர்ந்தது. பிரெஞ்சிலும் இத்தாலியத்திலும் லத்தீனிலும் அது இல்லை. அப்படியிருக்க, கும்மாளத்தின் ள-வுக்கு அங்கே இணையே கிடையாது. மிஞ்சுவது க-வும் ம-வும். அந்த இரண்டும் எந்த மொழியில்தான் இல்லை? மூலத்தில் உள்ள ப ஒலிக்குக் கும்மாளத்தில் இடமில்லை. பொருளும் பொருந்தாது. மூலப்பொருள் மூட்டு, கால். கும்மாளத்தில் கால் எங்கே இருக்கிறது? அது கூச்சலும் கூட்டமும் சேர்ந்த கொண்டாட்டம்.

எந்தச் சொல்லுக்கும் இதே வரிசையில் சோதியுங்கள்: கிடைக்கும் மிகப் பழைய எழுத்து வடிவம் எது, அதிலிருந்து இன்றைய வடிவம் வரை ஒவ்வொரு ஒலிமாற்றமும் வேறு சொற்களிலும் நடந்திருக்கிறதா, பொருள் படிப்படியாக நகர்ந்ததற்கு இடைக்காலச் சான்று உண்டா, சொல் பயணம் செய்ய இரண்டு மக்களுக்கும் தொடர்பு இருந்ததா. ஒலி ஒற்றுமை தேடலைத் தொடங்கி வைக்கலாம், அதற்குமேல் அதற்கு மதிப்பில்லை. தமிழிலிருந்து உண்மையாகவே ஆங்கிலத்துக்குப் போன 'கட்டமரான்' போன்ற சொற்கள் இந்த நான்கு சோதனையிலும் தேறுகின்றன. அந்தச் சொற்களின் பெருமை குறையக்கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

குளம்படி எழுதியது:

குதிரையின் துள்ளல் என்று சொன்னதால் ஒரு சேர்க்கை. பழக்கிய குதிரை தரையை விட்டு எழும் அசைவுகளுக்கு ஐரோப்பியக் குதிரையேற்றக் கலையில் தனித்தனிப் பெயர் உண்டு. வியன்னாவின் ஸ்பானிய குதிரையேற்றப் பள்ளியில் லிப்பிசானர் குதிரைகள் இன்றும் செய்கின்றன. 'லெவாத்' என்பது பின்னங்கால்களை நன்றாக மடக்கி, முன்னுடலைத் தூக்கிச் சில நொடி நிற்பது. 'கூர்பெத்' அப்படி நின்றபடியே பின்னங்காலால் தத்தித் தத்தி முன்னேறுவது. 'காப்ரியோல்' கடினமானது: நான்கு காலும் தரையை விட்டு எழுந்து, உடல் கிடைமட்டமாக இருக்கும் உச்சியில் பின்னங்கால்களைப் பின்னோக்கி உதறி, பிறகு நான்கு காலிலும் இறங்க வேண்டும். உதறல் உச்சிக்கு முன்னரே வந்தால் குதிரை மூக்குக்குப்புறச் சாயும். தாமதித்தால் வெறும் எம்பலாக முடியும்.

நீங்கள் பேசும் 'கம்பாத்' இவற்றோடு சேராது. ஏவாமல், கணக்கில்லாமல், குதிரை தன் மகிழ்ச்சிக்கு எம்புவது அது. ஆங்கிலச் சொல்லில் இன்றும் அந்தக் கட்டற்ற தன்மை இருக்கிறது. பயிற்சிபெற்ற நடனக்காரரின் தாவலுக்கு 'கேம்பல்' போட்டால் அவரைக் குறைத்துச் சொன்னதாகிவிடும்.

'காப்ரியோல்' என்பதன் வேர் ஆடு. லத்தீனில் 'காபெர்' என்றால் கிடா. இத்தாலியத்தில் 'காப்ரியோலோ' சிறு மான். அதன் தாவலே குதிரைக்கு ஆனது. அதிலிருந்துதான் ஆங்கில 'கேப்பர்', கோமாளித்தனமாகக் குதித்தல். துள்ளித் துள்ளி ஓடிய இரட்டைச் சக்கர இலகு வண்டிக்குப் பிரெஞ்சுக்காரர்கள் 'காப்ரியோலே' என்று பெயர் வைத்தார்கள். லண்டனில் அது சுருங்கி 'கேப்' ஆனது. இன்று கைப்பேசியில் கூப்பிடும் கேப் அதுதான். மகர ராசிக்கு மேற்கில் வழங்கும் 'காப்ரிகார்ன்' என்ற பெயரும் இதே கிடாதான், கிடாவின் கொம்பு.

நெய்தல் எழுதியது:

ஊறுகாய்போல் உப்பில் போட்டு வரும் 'கேப்பர்' மொட்டும் ஆடா?

குளம்படி எழுதியது:

அல்ல, அது செடியின் கிரேக்கப் பெயர் 'காப்பாரிஸ்'. கடைசி எஸ் எழுத்தைப் பன்மை என்று எண்ணி ஆங்கிலேயர்கள் வெட்டிவிட்டதால் இரண்டும் ஒன்றுபோல ஆகிவிட்டன. நம் ஊர் ஆதொண்டை அந்தப் பேரினத்தைச் சேர்ந்ததுதான்.

கூழாங்கல் எழுதியது:

கதைகளில் ஃபிராலிக், ஸ்கேம்பர், ராம்ப், ஃபிரிஸ்க், கவார்ட் என்றும் கலந்து வருகின்றன. தமிழில் எல்லாவற்றுக்கும் 'துள்ளி விளையாடின' என்றே எழுதிவிட்டால் தவறா?

பிழைதிருத்தி எழுதியது:

தவறுதான். சில இடங்களில் பொருளே புரண்டுவிடும்.

ஸ்கேம்பர் என்பதில்தான் அதிகம் சறுக்குவார்கள். அதில் குதிப்பு இல்லை. குட்டிக் கால்கள், விரைவான அடிகள், ஒரு திசை. அணில் மரமேறுவது, எலி வளைக்குள் பாய்வது, கிரிக்கெட்டில் அவசரமாக ஒரு ரன் எடுப்பது எல்லாம் ஸ்கேம்பர். 17ஆம் நூற்றாண்டில் தோன்றியபோது அதன் பொருள் தப்பி ஓடுதல். களத்தை விட்டு வெளியேறு என்ற லத்தீன் தொடரிலிருந்து வடக்குப் பிரெஞ்சு, டச்சு வழியாக வந்தது என்பதே பெரும்பாலோர் கருத்து. 'கேம்ப்' என்பதும் அதே களம்தான். விளையாட்டுப் பொருள் பின்னால் ஏறியது, அச்சத்தின் சாயல் இன்னும் முழுதாகப் போகவில்லை. 'குடுகுடுவென்று ஓடியது' பல இடங்களில் சரியாக அமையும்.

ஃபிராலிக் உடலைவிட மனத்தைச் சொல்வது. டச்சு 'ஃபிரோலெக்', மகிழ்ச்சியான என்ற பெயரடை. ஜெர்மன் கிறிஸ்துமஸ் வாழ்த்தில் வரும் 'ஃபிரோலிஹ்' அதன் உடன்பிறப்பு. ஆங்கிலத்துக்கு வந்தபோதும் முதலில் பெயரடைதான். இங்கே ஓட்டம், குதிப்பு, தண்ணீர் தெளிப்பு எதுவும் இருக்கலாம். எழுதும்போது இறந்தகாலத்தில் சி-க்குப் பின் கே சேர்க்க வேண்டும், 'பிக்னிக்' சொல்லுக்குச் சேர்ப்பதுபோல. இல்லையென்றால் வாசிப்பவர் சி-யை ச ஒலியாகப் படித்துவிடுவார்.

ராம்ப் முரட்டு விளையாட்டு. கட்டிப்புரளல், தள்ளுமுள்ளு எல்லாம் உண்டு. பின்னங்காலில் நின்று முன்னங்காலை உயர்த்தும் 'ரேம்ப்' என்ற பழைய வினையின் திரிபு என்கிறார்கள். ஐரோப்பியக் குலச்சின்னங்களில் நிமிர்ந்து நிற்கும் சிங்கத்தைச் சொல்லும் 'ரேம்பன்ட்' அதே குடும்பம். விளையாட்டுச் செய்தியில் 'ராம்ப் ஹோம்' என்றால் எளிதாக வென்றது என்று பொருள். அங்கே துள்ளலைக் கொண்டுவந்து விடாதீர்கள்.

ஃபிரிஸ்க் சிறு துள்ளல், துறுதுறுப்பு. அதற்கு இன்னொரு முகம் உண்டு: 18ஆம் நூற்றாண்டிலிருந்து ஆடையைத் தடவிச் சோதிப்பது என்ற பொருளும் சேர்ந்துவிட்டது. காவலர் பக்கத்தில் வந்தால் உடல் சோதனை, கன்றுக்குட்டி பக்கத்தில் வந்தால் துள்ளல்.

கவார்ட் அமெரிக்காவில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றியது. அதன் பிறப்பு உறுதியாகவில்லை என்றே அகராதிகள் குறிக்கின்றன. குளம்படி சொன்ன கூர்பெத்தின் சிதைவு என்பது ஓர் ஊகம். இன்றைய நாளிதழ் ஆங்கிலத்தில் பெரியவர்களின் கட்டுமீறிய கேளிக்கைக்குப் புழங்குவதால், சிறுவர் கதையில் அது குதிரைக்கோ நாய்க்குட்டிக்கோ வருகிறதா என்று எழுவாயைப் பார்த்த பிறகே சொல் தேடுங்கள்.

இவற்றோடு வைத்துப் பார்த்தால் கேம்பலின் அடையாளம் தெளிவாகும்: தரையை விட்டு எழ வேண்டும், போய்ச் சேர இடம் இருக்கக் கூடாது, மகிழ்ச்சி இருக்க வேண்டும். இயல்பான எழுவாய்கள் ஆட்டுக்குட்டி, கன்று, நாய்க்குட்டி, குழந்தை. பேச்சுவழக்கில் இது அரிது. எழுத்து நடைச் சொல், சற்றுப் பழமை வாடை உள்ளது. பெயர்ச்சொல்லாக வரும்போது பெரும்பாலும் பன்மை.

நெய்தல் எழுதியது:

மகிழ்ச்சி வேண்டும் என்ற நிபந்தனையை அழுத்திச் சொல்ல வேண்டும். காட்டுயிர் எழுத்துகளில் இது கெட்டுப்போவதை அடிக்கடி பார்க்கலாம்.

கோடியக்கரையில் வெளிமான் கூட்டம் மிரண்டால் முதலில் ஒன்று உயர எம்பும், உடனே மற்றவையும் எம்பி எம்பிப் பாயும். ஆப்பிரிக்க ஸ்பிரிங்பாக் மான் முதுகை வளைத்து, நான்கு காலையும் விறைப்பாக வைத்து, நேர் மேலே எகிறும். இதற்கு விலங்கியலாளர் வைத்த பெயர்கள் 'ஸ்டாட்டிங்', 'பிராங்கிங்'. முதலாவது ஸ்காட்லாந்துப் பேச்சில் பந்துபோல எகிறுதல். இரண்டாவது ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் பகட்டிக் காட்டுதல். பெயரிலேயே காரணமும் இருக்கிறது: என்னிடம் வலு இருக்கிறது, துரத்திப் பயனில்லை என்று வேட்டைவிலங்குக்குக் காட்டுவதாகப் பரவலாக விளக்குகிறார்கள். குட்டிகள் விளையாட்டிலும் இப்படி எகிறும் என்பது உண்மை. ஆனால் சிறுத்தை துரத்தும் காட்சியில் மான் 'கேம்பல்' செய்தது என்று எழுதுவது பிழை. தமிழில் 'துள்ளி விளையாடியது' என்று பெயர்ப்பது அதைவிடப் பெரிய பிழை. அங்கே 'எகிறிப் பாய்ந்தது' போதும்.

ஆட்டுக்குட்டியின் துள்ளல் வேறு. பிறந்த சில நாளிலேயே தொடங்கும். நின்ற இடத்தில் நான்கு காலும் ஒன்றாக எழும், இடுப்பு காற்றில் ஒரு பக்கம் முறுக்கிக்கொள்ளும், இறங்கியதும் நாலடி ஓட்டம், மறுபடி எம்பல். குட்டிகள் கூட்டமாகச் சேர்ந்து வரப்பு நெடுக ஓடித் திரும்புவதும் உண்டு. தாய் பக்கத்தில் இருந்து வயிறும் நிறைந்திருந்தால்தான் இது நடக்கும். குளிரிலோ பசியிலோ இருக்கும் குட்டி துள்ளாது. இங்கிலாந்தில் பெரும்பாலான குட்டிகள் வசந்தத்தில் பிறப்பதால் அவர்கள் இலக்கியத்தில் இந்தச் சொல்லும் வசந்தமும் சேர்ந்தே வருகின்றன.

மணிமிடை எழுதியது:

தமிழுக்கு வருவோம். 'கும்மாளம் போட்டன' என்பதை நான் ஏற்கமாட்டேன். வேர்ச்சொல் சொன்னபடி அதில் கூச்சல் முன்னால் நிற்கிறது. 'கூத்தாடின' என்பதில் மெல்லிய கண்டிப்பு உண்டு. 'குதியாட்டம் போட்டன' பக்கத்தில் வருகிறது, ஆனால் குழந்தைகளுக்குத்தான் இயல்பு.

பழந்தமிழில் மிகப் பொருத்தமான வினை இருக்கிறது: உகளுதல். மீன் துள்ளுவதற்கும் குட்டி தாவி விளையாடுவதற்கும் வரும். திருப்பாவையின் மூன்றாம் பாசுரத்தில் செந்நெல்லுக்கு ஊடே கயல் உகளுவது அதுதான். இடம் மாறாத, காரணம் தேடாத எம்பல். பொருளளவில் கேம்பலின் நேர் இணை என்றே சொல்வேன்.

பிழைதிருத்தி எழுதியது:

பொருளில் மறுப்பில்லை, மணிமிடை. ஆனால் ஏழு வயதுப் பிள்ளைக்கு உகளுதல் புரியாது. கேம்பல் ஆங்கிலப் பிள்ளைக்குக் கொஞ்சம் புதிதாக இருந்தாலும் கதைகளில் அடிக்கடி காதில் விழுவது. உகளுதல் அப்படி இல்லை, அடிக்குறிப்பு கேட்கும். மில்டனை மொழிபெயர்ப்பவர் 'உகள' என்று எழுதட்டும், அங்கே அது ஒளிவிடும். சிறுவர் கதைக்குத் 'துள்ளு' என்பதை அடியாக வைத்து, துணைவினையில் வேறுபாடு காட்டுவதே நல்லது. 'துள்ளி ஓடின' என்றால் திசை வந்துவிடுகிறது. 'துள்ளிக் குதித்தன' என்றால் ஒருமுறை நடந்து முடிந்ததுபோல இருக்கிறது. 'துள்ளித் திரிந்தன' என்பதில் எம்பலும் உண்டு, இலக்கில்லாத அலைச்சலும் உண்டு.

மணிமிடை எழுதியது:

'திரிந்தன' ஒப்புக்கொள்கிறேன். பாட்டாக வரும் இடத்தில் மட்டும் 'உகளும்' என்பதை விட்டுக்கொடுக்காதீர்கள், கூழாங்கல். பாட்டில் புரியாத ஒரு சொல்லைப் பிள்ளைகள் மகிழ்ச்சியாகவே வாங்கிக்கொள்வார்கள், உரைநடையில்தான் தடுக்கும்.

கூழாங்கல் எழுதியது:

மூல வாக்கியம் இது: குட்டிகள் தாயைச் சுற்றிக் 'கேம்பல்' செய்தன, பூனையைக் கண்டதும் வேலியடிக்கு 'ஸ்கேம்பர்' செய்தன. 'குட்டிகள் தாயைச் சுற்றித் துள்ளித் திரிந்தன. பூனையைக் கண்டதும் வேலியடிக்குக் குடுகுடுவென்று ஓடிவிட்டன.' சரியா?

பிழைதிருத்தி எழுதியது:

சரி. 'ஓடிவிட்டன' என்பதை 'ஓடின' என்று மாற்றுங்கள். அடுத்த வரியில் அவை திரும்பி வருகின்றன என்றால் 'விட்டன' இடிக்கும்.